வௌவால் குகையின் இரு வினாக்கள்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில், வளவை கங்கைக்கு மேற்கே, எம்பிலிப்பிட்டிய என்னும் ஊர் இருக்கின்றது. றக்வானைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கி வருவோர்க்கு, குளிர் நீங்கி வெயில் உறைக்கத் தொடங்கும் இடம் அது. அவ்வூரிலிருந்து அதிக தூரமில்லாத புலுத்தொட்ட மலைப்பகுதியில் சுண்ணாம்புப் பாறையாலான குகை ஒன்று உண்டு. குகையினூடே ஓர் ஓடை ஓடுகின்றது. உள்ளே, கூரையெங்கும், தலைகீழாகத் தொங்கும் வௌவால்கள். அக்குகைக்கு வவுல்பனே என்று பெயர். சிங்கள மொழியில் 'வவுலா' என்பதும் தமிழில் 'வௌவால்' என்பதும் ஓசையிலே எத்துணை நெருங்கியவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இரு மொழிக்காரரும் ஒரே குகை வாயிலில் நின்று ஒரே பிராணியைப் பார்த்தவர்கள்தாமே.

அந்தி மயங்கும் வேளையில் குகை வாயிலில் நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். முதலில் ஒன்று, பின்னர் இரண்டு மூன்று, சற்று நேரத்தில் புகை எழுவதுபோல் கூட்டம் கூட்டமாக வௌவால்கள் வெளிப்படும். குகையின் உட்புறத்தில் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. அங்கே தொங்கிக்கொண்டிருந்த பிராணிக்குப் பொழுது சாய்ந்ததென்று உரைத்தவர் யார்? கண்ணுக்கு எதுவும் புலப்படாத அவ்விருளில், ஒன்றையொன்று மோதாமலும் பாறையில் முட்டாமலும் அது பறந்து வந்தது எவ்வாறு? குழந்தைகளும் கேட்கக்கூடிய இவ்விரு வினாக்களும் விஞ்ஞானிகளை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்திருக்கின்றன. விடை கண்ட வரலாற்றை நோக்கினால், பெரிய கொள்கைகளைவிடச் சின்னஞ்சிறு செய்முறைகளே அதில் முன்னிற்கின்றன. காதில் வைத்த குழாய், நீர் ஊற்றப்போனவர் கையிலிருந்த விளக்கு போன்ற அற்பமெனத் தோன்றும் பொருள்களே உண்மையைக் காட்டின. சில வேளைகளில் அவையே அதை மறைத்தும் வைத்தன.

முதலில் பறத்தல் பற்றிய வினா. இத்தாலி நாட்டிலே பாவியா சர்வகலாசாலையில் இயற்கை நூற் பேராசிரியராக இருந்தவர் லாசரோ ஸ்பல்லன்சானி. கத்தோலிக்கக் குருவானவர்; எதையும் தம் கையாலே செய்து பார்த்தாலன்றி நம்பாதவர். 1793ஆம் ஆண்டில், அவர் வளர்த்த ஆந்தை ஒன்று, மெழுகுதிரி அணைந்ததும் வழி தெரியாமல் சுவரில் முட்டுவதைக் கண்டார். அதே அறையில் வௌவால்களைப் பறக்கவிட்டபோது அவை முட்டவில்லை. கண்களை மறைத்துவிட்டுப் பார்த்தார், அப்போதும் பறந்தன. அதன்பின் கண்களையே அழித்துவிட்டுப் பறக்கவிட்டார். இந்நாளில் எந்த ஆராய்ச்சி ஒழுக்கச் சபையும் அனுமதியாத கொடுமை அது. அந்நாளில் அதைக் கேட்பாரில்லை. அவ்வாறு குருடாக்கப்பட்ட வௌவால்கள் சில நாட்களின் பின் தேவாலய மணிக்கூண்டில் மீண்டும் பிடிபட்டன. அவற்றின் இரைப்பைகள் மற்ற வௌவால்களின் இரைப்பைகளைப் போலவே பூச்சிகளால் நிரம்பியிருந்தன.

இவ்விடத்தில் ஸ்பல்லன்சானி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கண்டதை ஒரு நூலாக எழுதிப் பெயர் தேடிக்கொள்வதற்கு முன், அவர் பல நகரங்களிலிருந்த அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். தூரின் நகரத்து வசல்லி, பீசா நகரத்து ரொசி முதலியோர் அவர்களுட் சிலர். 'யான் கண்டது இது. செய்த முறை இது. நீங்களும் செய்து பார்த்து எழுதுங்கள்' என்பதே அக்கடிதங்களின் சாரம். செய்தி ஜெனீவா நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியரான ஜூரீன் என்பவருக்கும் எட்டியது. அவர் கண்ணை விடுத்துக் காதைப் பரிசோதித்தார். காதுகளை மெழுகு முதலியவற்றால் இறுக அடைத்தபோது வௌவால்கள் தடுமாறி, எதிர்ப்பட்டவற்றிலெல்லாம் மோதின.

ஜூரீனின் முடிவு 1794இல் ஸ்பல்லன்சானிக்குத் தெரியவந்தது. அவர் அதை அப்படியே ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. தாமே திரும்பச் செய்து பார்த்தார். அப்போது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. காதை அடைத்ததனால் வௌவால் கேட்கும் ஆற்றலை இழந்து தடுமாறுகின்றதா? அல்லது காதில் ஏதோ ஒன்று குத்திக்கொண்டிருக்கும் வேதனையால் தடுமாறுகின்றதா? இவ்வையத்தைத் தீர்க்க மிகச் சிறிய பித்தளைக் குழாய்களைச் செய்வித்து வௌவாலின் காதுகளிற் பொருத்தினார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் நன்றாகவே பறந்தது. அதே குழாயை அடைத்துவிட்டபோது முட்டிக்கொண்டது. குழாயும் வேதனையும் இரு வேளையிலும் ஒன்றே; வேறுபாடு ஒலி புகுந்ததும் புகாததும் மட்டுமே. பிராணிகளின் நடத்தையை ஆராய்வோர் இன்று 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று வகுப்பறைகளிற் கற்பிப்பதன் அழகான பழைய எடுத்துக்காட்டு அந்தப் பித்தளைக் குழாய்தான்.

ஆயினும் உலகம் அதை ஏற்கவில்லை. வௌவால் ஒலி எழுப்புவதை எவரும் கேட்டதில்லை; ஒலியில்லாமற் காது எதைக் கேட்கும் என்பது எதிர்வாதம். பாரிஸ் நகரத்துக் குவியே, அக்காலத்து உயிர்நூல் அறிஞர்களுள் தலைமை பெற்றவர், வௌவால் தன் சிறகின் தொடுபுலனாலேயே வழியறிகின்றது என்று தீர்ப்புரைத்தார். அவர் அதற்காக ஒரு வௌவாலையேனும் பறக்கவிட்டுப் பார்த்தவரல்லர். இருந்தும் அவருடைய வாக்கு நின்றது. குழாய் செய்தவருடைய வாக்கு மறைந்தது. பெரியவர் சொன்னால் சரியாயிருக்கும் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவிலும் குறைவாக இருந்ததில்லை. ஸ்பல்லன்சானி 1799இல் இறந்தார். ஏறத்தாழ 140 ஆண்டுகள் அச்செய்முறை தூங்கிற்று.

1938இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் டொனால்ட் கிரிஃபின் என்னும் மாணவர், வௌவால்களை ஒரு கூண்டிலிட்டு, பௌதிகப் பேராசிரியர் பியர்சிடம் எடுத்துச் சென்றார். மனிதர் காதுக்கு எட்டாத மிகை ஒலிகளைக் கேட்கும்படியாகப் பியர்ஸ் ஒரு கருவி அமைத்திருந்தார். கருவிக்கு முன்னே பிடித்த வௌவால் ஓயாது ஒலியெழுப்புவது அப்போது வெளிப்பட்டது. ஆனால் பறக்கவிட்டபோது கருவி பெரும்பாலும் மௌனமாயிருந்தது! பறக்கும் வேளையில் இவ்வொலி அரிதே எழுகின்றது போலும் என்று இருவரும் தயக்கத்தோடு எழுதினர். பிழை வௌவாலிடத்தில் இல்லை. கருவியின் வாய் நேரே தன்னை நோக்கி வரும் ஒலியையே வாங்கும். பறக்கும் வௌவால் சற்றே விலகினாலும் ஒலி தப்பிவிடும். பின்னர் கிரிஃபினும் கலம்போஸ் என்னும் மற்றொரு மாணவரும் அறையின் குறுக்கே ஓரடிக்கு ஒன்றாக மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டு, ஸ்பல்லன்சானியின் வழியிலே காதை மூடியும், அதற்கு மேலாக வாயைக் கட்டியும் பரிசோதித்தனர். வாயைக் கட்டினாலும் வௌவால் வழிதவறுகின்றது என்பது 1941இல் உறுதியாயிற்று. தானே கூவித் தன் எதிரொலியைத் தானே கேட்டுப் பறக்கும் பிராணி அது.

முதல் வினாவின் கதை இவ்வாறு முடிந்தது. வவுல்பனேயின் மற்ற வினா, இருளிலே பொழுதறிதல் பற்றியது. அதன் கதை ஒரு அவரைச் செடியிலிருந்து தொடங்குகின்றது.

அவரை இலைகள் பகலில் விரிந்து இரவில் தாழ்வதைத் தோட்டம் வைத்திருப்போர் யாவரும் அறிவர். செடியை இருட்டறையில் வைத்தாலும் இலைகள் அவ்வாறே அசைகின்றன. ஜெர்மனியில் ஹாம்பேர்க் நகரத்தில் ரோஸ் ஸ்டொப்பெல் என்னும் பெண் ஆராய்ச்சியாளர், இருட்டறைச் செடிகளின் இலைகள் நாள்தோறும் விடியற்காலை ஒரு குறித்த நேரத்திலேயே முற்றத் தாழ்வதைக் கண்டார். வெளியுலகிலிருந்து ஏதோ ஓர் அறியப்படாத சக்தி அறைக்குள் நுழைந்து செடிக்கு நேரம் சொல்கின்றதென்று அவர் கருதினார். 1920களின் பிற்பகுதியில் பிராங்பேர்ட் நகரத்தில் எர்வின் பியூனிங், குர்ட் ஸ்டேர்ன் என்னும் இளைஞர் இருவர் இதை மீண்டும் செய்தனர். அவர்களுடைய செடிகளில் அந்நேரம் வேறாயிருந்தது. ஒரே நாடு, ஒரே வகைச் செடி. நேரம் மட்டும் ஏன் மாறவேண்டும்?

மறைந்திருந்தது ஒரு சிறு சிவப்பு விளக்கு. செடிகளுக்கு நீர் ஊற்றச் செல்வோர் மங்கலான சிவப்பு ஒளியைக் கொண்டு போவது வழக்கம். சிவப்பு ஒளி இலையசைவைப் பாதியாது என்பது அந்நாளைய நம்பிக்கை. ஹாம்பேர்க்கில் நீர் ஊற்றும் நேரம் ஒன்று, பிராங்பேர்ட்டில் வேறொன்று. அந்த விளக்கே செடிக்குச் சூரியனாயிற்று! இளைஞர் இருவரும் ஸ்டேர்ன் வீட்டின் உருளைக்கிழங்கு நிலவறைக்குச் செடிகளை மாற்றி, சிவப்பு விளக்கையும் விலக்கினர். அப்போது இலைகள் 24 மணிக்கு ஒருமுறையன்றி, ஏறத்தாழ 25.4 மணிக்கு ஒருமுறை அசைந்தன. வெளியிலிருந்து எதுவும் நேரம் சொல்லவில்லை. நேரம் செடிக்குள்ளேயே இருந்தது. ஆயின் அந்த உட்கடிகாரம் உலகத்தின் நாளோடு சரியாகப் பொருந்துவதன்று. நாள்தோறும் ஒளி அதைத் திருத்தி வைக்கின்றது.

இருளிலே பிராணிகளை வைத்து ஆராய்வோரிடையே, கையோடு கைமாறி வரும் எச்சரிக்கைகள் பலவற்றை இக்கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். கூண்டுக்கு உணவும் நீரும் வைக்கும் நேரம் நாள்தோறும் மாறவேண்டும். தவறாமல் காலை எட்டு மணிக்கு வைப்பவர் தாமே கடிகாரமாகிவிடுவார். கதவு கிறீச்சிடும் ஓசையும், பக்கத்து அறையின் மணியோசையும், ஏன், வேலையாளின் காலடியும்கூட நேரம் சொல்லக்கூடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவை ஒரு வரியில் அடங்கிவிடும், அல்லது விடுபட்டே போகும். பக்கத்தில் நின்று பழகியவருக்கே முழுதும் தெரியும்.

பியூனிங் பின்னாளில் டியூபிங்கன் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். 1960களில் அவரிடம் பழகச் சென்றவர்களுள் ஒருவர், சென்னையிலே விலங்கியல் பயின்ற எம். கே. சந்திரசேகரன். அவர் 1970களின் நடுவில் மதுரைக்கு வந்து அங்குள்ள பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது அதுவே. ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களின் வெப்பங்காக்கும் அறைகளும் விலையுயர்ந்த கருவிகளும் மதுரையில் எளிதிற் கிட்டுவனவல்ல. ஆனால் மதுரையைச் சுற்றிப் பாறைக் குன்றுகள் இருந்தன. குன்றுகளிற் குகைகள் இருந்தன. சமணத் துறவிகள் ஒரு காலத்தில் அமைதி தேடிய அக்குன்றுகளிலே, இலைமூக்கு வௌவால்கள் குடிகொண்டிருந்தன. குகையின் உள்ளிடம் எக்காலமும் இருள். வெப்பமும் ஈரமும் பெரிதும் மாறுவதில்லை. பணங்கொடுத்துக் கட்டவேண்டிய அறையை இயற்கை இலவசமாகவே கட்டி வைத்திருந்தது.

சந்திரசேகரனும், மாரிமுத்து, சுப்பராஜ், ராஜன் முதலிய அவருடைய மாணாக்கர்களும் அக்குகைகளையே ஆய்வுக்கூடமாக்கினர். பரிசோதனை கேட்பதற்கு எளியது. குகையின் ஆழத்தில், பகலொளி எட்டாத இடத்தில், ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு வைப்பது; அது எப்போது பறக்க எத்தனிக்கின்றது என்பதை நாட்கணக்கிற் பதிவு செய்வது. கூண்டிலிருந்த வௌவாலுக்கு அந்தி தெரிய வழியில்லை. ஆயினும் சுற்றிலும் தன் இனத்தார் மாலையிற் புறப்பட்டு விடியுமுன் திரும்பிக்கொண்டிருக்கும்வரை, அதுவும் 24 மணிக் கணக்கைத் தவறவிடவில்லை. தன் இனத்தார் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் கணக்கு நாளுக்கு நாள் உலகத்தின் நாளிலிருந்து விலகிச் சென்றது. இருளிலிருந்த வௌவாலுக்குச் சூரியனாக இருந்தது அதன் சுற்றமே. 1978இலும் 1981இலும் இம்முடிவுகள் ஜெர்மனியில் அச்சிடப்படும் ஆராய்ச்சி இதழ்களில் வெளிவந்தன.

இங்கே ஸ்பல்லன்சானியின் பித்தளைக் குழாயை நினைவூட்டும் ஒரு படியும் உண்டு. சுற்றத்தின் வரவு செலவுதான் நேரம் சொல்கின்றதா, அல்லது எந்தச் சந்தடியானாலும் போதுமா? இதை அறிய, வேற்றினத்து வௌவால் ஒன்றை இலைமூக்கு வௌவால்கள் நிறைந்த குகையில் வைத்தனர். அத்தனை ஆரவாரத்தின் நடுவிலும் அதன் கடிகாரம் திருந்தவில்லை. 1983இல் வெளிவந்த செய்தி அது. அயலார் வீட்டுச் சேவல் கூவியதற்காக அது எழுந்திருக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

அதே கூடத்தில் விஸ்வநாதன் என்பவரும் சந்திரசேகரனும், சிறு வயல் எலியின் குட்டிகளை மாறாத சூழலில் வைத்து, தாயை மட்டும் குறித்த நேரத்தில் விடுவதும் எடுப்பதுமாகச் செய்து பார்த்தனர். தாயின் வருகையும் பிரிவும் குட்டிகளின் உட்கடிகாரத்தை அமைத்தன. இது 1985இல் இலண்டனிலிருந்து வெளியாகும் 'நேச்சர்' இதழில் இடம் பெற்றது. மதுரை வயல்களில் ஓடும் எலியைக் கொண்டே செய்த வேலை அது.

இந்த மதுரை மரபிலே ஒரு பாடமிருக்கின்றது. டியூபிங்கனிலிருந்து வந்தது கருவியன்று, கவனம். எதை விலக்கவேண்டும், எதை மாற்றவேண்டும், எங்கே தம்மையே சந்தேகிக்கவேண்டும் என்னும் பழக்கமே கப்பலேறி வந்தது. குகையோ, எலியோ, வௌவாலோ ஊரிலேயே இருந்தன.

செய்முறையைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே ஓர் ஏடு தோன்றிய விந்தையும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெக்கோனல் என்பவர் தட்டைப்புழுக்களுக்கு ஒளியையும் மின்னதிர்ச்சியையும் கொண்டு பாடம் கற்பிக்க முயன்றார். செய்தி பரவியதும் உயர்பள்ளி மாணவர்கள் அவருக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினர்: புழுவை எங்கே பிடிப்பது, என்ன உணவு கொடுப்பது, எவ்வாறு பழக்குவது? தனித்தனியே பதிலெழுத இயலாமல், 1959இல் அவர் ஒரு சிறு கையேட்டை அச்சிட்டார். அதுவே 'புழு ஓட்டுவோர் திரட்டு' என்னும் பொருள்பட்ட பெயரோடு, நகைச்சுவையும் ஆராய்ச்சியும் கலந்த ஏடாக வளர்ந்தது. கற்ற புழுவை அரைத்துக் கல்லாத புழுவுக்கு ஊட்டினால் கல்வி கைமாறும் என்று 1962இல் மெக்கோனல் அறிவித்தபோது உலகமே வியந்தது. மாணவர் பலருக்கு மகிழ்ச்சியும் கிடைத்திருக்கும்! ஆனால் வேறு ஆய்வுக்கூடங்களில் அது கைகூடவில்லை. புழுவுக்குப் பாடம் கற்பிப்பதே நிச்சயமாக நடைபெறவில்லை என்று 1964இல் சிலர் எழுதினர். புழு விட்டுச்செல்லும் வழவழப்பே அடுத்த புழுவின் போக்கை மாற்றக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது. பாதையை ஒவ்வொரு முறையும் கழுவினாரா, இல்லையா என்பதில் ஒரு பெரிய கொள்கையின் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்தது. கையேடு இருந்ததனாலேதான் அந்தச் சில்லறைக் கேள்வியையும் பிறரால் கேட்க முடிந்தது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வௌவாலின் செவியையும் மூளையையும் ஆராய்ந்த ஜெர்மானியப் பேராசிரியர் கெர்ஹார்ட் நொய்வைலர், மதுரை ஆராய்ச்சியாளரோடு கூடித் தென்னிந்திய வௌவால்களின் கேள்திறனை அளந்தவர். அவரும் அவருடைய தோழர்களும், நம் நாட்டு விலங்கியற் பேராசிரியர் எச். எச். கொஸ்தாவோடு சேர்ந்து, இலங்கைக் காட்டிலே வாழும் குதிரைலாட வௌவால் எவ்வாறு இரை தேடுகின்றது என்பதை ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர். மாலையில் முதற்பொழுது பறந்தபடியே இரை பிடிக்கும் அவ்வௌவால், பின்னர் செடிகொடிகளின் கிளையிலே தொங்கிக்கொண்டு, உடலை இப்புறமும் அப்புறமும் திருப்பி, நீண்ட ஒரே சுருதியான ஒலியை வீசிக்கொண்டிருக்கும். சிறகடிக்கும் பூச்சியின் எதிரொலி மட்டும் சற்றே நடுங்கி வரும். அந்த நடுக்கமே அதற்கு அழைப்பு. அசையாத பூச்சி பக்கத்திலிருந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இந்த வௌவாலைப் பற்றி முன்னரே தெரிந்த ஒரு செய்தி, காட்டிலே பொருள் பெற்றது. எதிரே வரும் புகையிரதத்தின் ஊதல் சுருதி ஏறிக் கேட்பதுபோல, பறக்கும் வௌவாலுக்குத் தன் எதிரொலி சுருதி ஏறிக் கேட்கும். குதிரைலாட வௌவால் அந்த ஏற்றத்தை அளந்து, அதே அளவு தன் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றது. எதிரொலி எப்போதும் தன் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் சுருதியிலேயே வந்து சேரும்படி! 1968இல் ஷ்னிட்ஸ்லர் என்பவர் இதைக் காட்டினார். பறக்கும் பிராணியைப் பின்தொடர்வது கடினமாதலால், ஆராய்ச்சியாளர் வௌவாலை ஓர் ஊஞ்சலில் வைத்துச் சுவரை நோக்கி ஆட்டும் உபாயத்தையும் கண்டுபிடித்தனர். பறக்காமலே முன்னேறும் வௌவால் அதிலும் குரலைத் தாழ்த்துகின்றது. தோட்டத்து லயத்தின் முற்றத்திலே பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலும் ஒரு மூளை ஆராய்ச்சிக் கருவியாகக்கூடும் என்பதை நேயர்கள் அறிந்து மகிழலாம்.

வவுல்பனேயில் இன்று பரிசோதனை நடத்த விரும்புவோர் வௌவாலைப் பிடிக்கவேண்டியதில்லை. பிடிப்பதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நோய்களும் உண்டாதலால் கையாற் தொடுதல் ஆகாது. தூங்கும் கூட்டத்தைக் கலைத்தால் குட்டிகள் தவறி விழுந்து மடியும். ஆனால் வாயிலுக்கு வெளியே, சற்று விலகி அமர்ந்து, முதல் வௌவால் வெளிப்படும் நேரத்தைக் குறிப்பதற்கு ஒரு கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். இந்நாட்டிலே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 40 நிமிடமே முன்பின்னாகின்றது. முதல் வௌவாலும் அந்த 40 நிமிடத்தைப் பின்பற்றுகின்றதா என்பதை ஓர் ஆண்டு பொறுமையோடு இருந்தால் அறியலாம். கொப்பியில் திகதிக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் மேகம், மழை, நிலவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி வேண்டும். கடைசியாக இன்னொரு பத்தி: அன்று வாயிலில் எத்தனை பேர் இருந்தனர், அவர்களுள் யார் மின்சூள் ஏற்றினார், எத்தனை மணிக்கு ஏற்றினார் என்று. மின்சூளின் கண்ணாடியிலே சிவப்புத் தாள் ஒட்டியிருந்தாலும் அதையும் எழுதவேண்டும்.